போதை நரம்பை என்ன செய்கிறது? குடும்பத்தினர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

மனநல வார்டில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். குடி, மாத்திரை, கஞ்சா என்று சிகிச்சைக்கு வருவோரின் அம்மாக்களும் மனைவிகளும் அண்ணன் தம்பிகளும் வராந்தாவில் நிறுத்திக் கேட்கும் கேள்விகள்தாம் கீழே இருப்பவை. டாக்டரிடம் கேட்கத் தயங்கி எங்களிடம் கேட்பார்கள். பதில் தெரியாமல் வீட்டில் எடுக்கும் சில முடிவுகள் உயிரையே பறித்துவிடுகின்றன என்பதால் எழுதுகிறேன்.

போதைப்பொருள் நரம்பைப் பாதிக்கும் என்கிறார்கள். எந்த நரம்பை?

பெரும்பாலும் மூளையில் உள்ள நரம்பணுக்களை. மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஓர் அணுவும் அடுத்த அணுவும் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நடுவே கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய இடைவெளி உண்டு. ஓர் அணுவில் ஓடிவரும் மின்துடிப்பு அந்த இடைவெளியை எட்டியதும் ஒரு வேதிப்பொருள் சுரக்கிறது. அது அக்கரையில் தன்னைப் பிடித்துக்கொள்ளக் காத்திருக்கும் ஏற்பிகளில் போய்ச் சேர்ந்ததும் அடுத்த அணு தூண்டப்படுகிறது அல்லது அடக்கப்படுகிறது. 1921இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி இரண்டு தவளைகளின் இதயங்களை வைத்து இதை நிரூபித்தார். ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மெதுவாக்கினார். அந்த இதயம் கிடந்த திரவத்தை எடுத்து இன்னோர் இதயத்தின் மேல் விட்டார். யாரும் அதன் நரம்பைத் தொடவில்லை. ஆனாலும் அதன் துடிப்பும் குறைந்தது. நரம்பின் கட்டளை திரவத்தில் கலந்து போயிருக்கிறது என்பது தெளிவானது. 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

போதைப்பொருட்களில் பெரும்பாலானவை கை வைப்பது இந்த இடைவெளியில்தான். உடம்பே சுரக்கும் வேதிப்பொருளைப் போல அவை வேடமிட்டு ஏற்பியில் உட்கார்ந்துகொள்கின்றன; அல்லது அது சுரப்பதைக் கூட்டுகின்றன, குறைக்கின்றன, வடிந்துபோக விடாமல் தடுக்கின்றன. வெளியிலிருந்து வந்த பொருள் புதிதாக எந்த இன்பத்தையும் கொண்டுவருவதில்லை. நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் அமைப்பைத்தான் அளவுக்கு மீறி இயக்குகிறது.

குடித்தால் தைரியம் வருகிறதே, அதை எப்படி மந்தமாக்கும் பொருள் என்கிறீர்கள்?

மது முதலில் மந்தமாக்குவது நம்மைக் கட்டுப்படுத்தும் பகுதியை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைதான் ‘இதைச் சொல்லாதே, அங்கே போகாதே’ என்று தடுக்கிறது. அது தளர்ந்ததும் பேச்சு பெருகுகிறது, சண்டை வருகிறது. அதைத்தான் தைரியம் என்று நினைத்துக்கொள்கிறோம். அடுத்துச் சிறுமூளை தளர்கிறது. நடை தள்ளாடுகிறது, நாக்கு குழறுகிறது. இன்னும் ஏறினால் நினைவைப் பதியவைக்கும் பகுதி வேலையை நிறுத்திவிடும். காலையில் ‘நான் அப்படிச் செய்யவே இல்லை’ என்று அவர் சத்தியம் செய்வது பல நேரங்களில் பொய்யல்ல. அந்த இரவு அவர் மூளையில் பதியவே இல்லை. கடைசியாக மூச்சை நடத்தும் மூளைத்தண்டு. அதுவும் அடங்கினால் மரணம்தான்.

தினமும் குடிப்பவர் நிறுத்தினால் நல்லதுதானே? ஏன் நடுக்கமும் வலிப்பும் வருகின்றன?

இந்தக் கேள்விக்கான பதிலை மட்டுமாவது எல்லாக் குடும்பங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூளையில் அடக்கும் வேலையைச் செய்யும் வேதிப்பொருள் காபா. தூண்டும் வேலையைச் செய்வது குளூட்டமேட். மது காபாவின் கையை ஓங்கச் செய்கிறது, குளூட்டமேட்டின் வாயை அடைக்கிறது. ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் மூளை சும்மா இருக்காது. காபாவுக்குச் செவிசாய்ப்பதைக் குறைத்துக்கொண்டு, குளூட்டமேட் ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்கிறது. அதனால்தான் முதலில் ஒரு குவார்ட்டரில் கிடைத்த போதை பிறகு கிடைப்பதில்லை. அளவு கூடிக்கொண்டே போகிறது.

பொங்கலுக்குக் கயிறு இழுக்கும் போட்டி பார்த்திருப்பீர்கள். எதிரணி முழு பலத்தோடு இழுக்கும்போது இந்த அணியும் காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து நிற்கும். எதிரணி சட்டென்று கயிற்றை விட்டுவிட்டால் இந்த அணி மல்லாந்து விழும். குடியை ஒரே நாளில் நிறுத்தும்போது மூளைக்கு நேர்வது இதுதான். அடக்கிவைத்த மது போய்விட்டது. அதற்கு எதிராகப் பெருகிய தூண்டுதல் அப்படியே இருக்கிறது. ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் கடுமையான மனக்குழப்பம் வரும். சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிர் போகக்கூடிய நிலை அது.

பொதுவாக, ஒரு பொருள் என்ன செய்கிறதோ அதற்கு நேர் எதிரானது, அதை நிறுத்தும்போது வரும். மது அடக்கும், நிறுத்தினால் கொதிக்கும். தூண்டும் பொருளை நிறுத்தினால் உடம்பு துவண்டு விழும். எந்தப் பொருள் என்று தெரிந்தால் எந்த ஆபத்தை எதிர்பார்க்கலாம் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ஆகவே, பல ஆண்டுகளாகத் தினமும் குடிப்பவரை அறையில் பூட்டிவைத்தோ கோவிலில் சத்தியம் வாங்கியோ ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். மருத்துவமனையில் சில நாட்கள் சேர்த்து, டயஸபம், லோரஸபம் போன்ற மருந்துகளைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலோர் பாதுகாப்பாகக் கரையேறிவிடுகிறார்கள்.

எலும்பு முறிவுக்காகச் சேர்த்தோம். மூன்றாம் நாள் ராத்திரி பேய் பிடித்ததுபோல் ஆகிவிட்டார். ஆபரேஷன்தான் காரணமா?

அவர் தினமும் குடிப்பவரா என்று முதலில் கேட்பேன். ‘கொஞ்சம்தான்’ என்பார்கள். சேர்க்கும்போது டாக்டரிடம் அந்தக் ‘கொஞ்சத்தை’ச் சொல்லியிருக்கமாட்டார்கள், கௌரவம் தடுத்திருக்கும். மருத்துவமனையில் குடிக்க வழியில்லை. மூன்றாம் நாள் மேலே சொன்ன குழப்பம் வந்துவிடும்.

அந்த நிலையில் ஒருவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். உடம்பு நெருப்பாகச் சுடும். வியர்வையில் படுக்கை நனைந்திருக்கும். விரல்கள் போர்வையில் இல்லாத எறும்புகளைப் பொறுக்கிக்கொண்டே இருக்கும். சிலர் தங்கள் தொழிலையே படுக்கையில் செய்வார்கள். லாரி ஓட்டும் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு, கால் கட்டுப்போட்டிருப்பதுகூட உணராமல் பிரேக்கை மிதிக்கப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். வெறும் இரு விரல்களை நீட்டி ‘இந்த நூல் என்ன நிறம்?’ என்று டாக்டர் கேட்டபோது, ‘சிவப்பு’ என்று சொல்லி அதை வாங்கக் கையை நீட்டினார். மாந்திரீகரைக் கூப்பிட வேண்டிய விஷயமல்ல இது. மருந்தும் தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் வேண்டும். நீண்டநாள் குடிப்பவர்களின் உடம்பில் தயமின் வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகச் சேதமாகி, புதிய நினைவே பதியாத நிலை வரலாம்.

எந்த நோய்க்காகச் சேர்த்தாலும் சரி, குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள். உங்களை யாரும் எடைபோடமாட்டார்கள்.

தூக்க மாத்திரை டாக்டர் கொடுத்ததுதானே?

கொடுத்தது இரண்டு வாரத்துக்கு. சாப்பிடுவது இரண்டு ஆண்டாக. அல்பிரஸோலம், டயஸபம் வகை மாத்திரைகளும் காபாவைத்தான் வலுப்படுத்துகின்றன. எனவே மதுவுக்குச் சொன்னது எல்லாம் இவற்றுக்கும் பொருந்தும்: பழகிப்போகும், சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். மதுவோடு சேர்த்துப் போடுவது மிகவும் ஆபத்து. இரண்டும் ஒரே இடத்தில் அழுத்துவதால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிவிடும்.

வலி மாத்திரையைப் போதைக்குப் போடுகிறார்களாமே? அது எப்படி?

சாதாரண பாராசிட்டமாலைச் சொல்லவில்லை. டிரமடால், டபென்டடால் போன்றவை அபின் குடும்பத்துக்கு உறவுக்காரர்கள். அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஒரு செடியின் பால் மனித மூளையில் ஏன் இப்படி வேலை செய்கிறது என்பதற்கு 1970களில்தான் விடை கிடைத்தது. மார்ஃபினுக்கான ஏற்பிகள் மூளையில் இருப்பதை 1973இல் கண்டார்கள். 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் இருவரும் நம் மூளையே அதுபோன்ற வலிநிவாரணியைச் சுரக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அடிபட்ட கணத்தில் வலி தெரியாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கு மார்ஃபின் வரம். டாக்டர் எழுதிக்கொடுத்தால் ‘அடிமையாகிவிடுவார்’ என்று பயந்து மறுக்காதீர்கள். ஆனால் போதைக்காகப் போடும்போது அதே ஏற்பிகள் மூச்சை நடத்தும் மூளைத்தண்டிலும் இருக்கின்றன என்பதை நினைவில் வைக்க வேண்டும். ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் ‘மூச்சு விடு’ என்று மூளைத்தண்டு ஆணையிடும். அந்த உணர்வை இவை மழுங்கடிக்கின்றன. கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி, எழுப்பினால் எழாமல், மூச்சு மிக மெதுவாக, உதடு நீலம் பாரித்து ஒருவர் கிடந்தால் உடனே 108ஐ அழையுங்கள். வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றுவிட்டால் செயற்கைச் சுவாசம் கொடுங்கள். நலாக்ஸோன் என்ற மாற்று மருந்து அந்த ஏற்பிகளிலிருந்து போதைப்பொருளை விரட்டிவிடும். சில நிமிடங்களில் எழுந்து உட்காருவார்கள். ஆனால் அதன் வீரியம் ஒரு மணி நேரம் சுமாரில் குறைந்துவிடும். உள்ளே போதைப்பொருள் மிச்சமிருந்தால் மீண்டும் மயங்கிவிடுவார். எழுந்துவிட்டாரே என்று வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள்.

மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றுபவர்களுக்கு வேறு ஆபத்துகளும் உண்டு. மாத்திரையை உருட்டிப் பிடிக்கச் சேர்க்கும் தூள்கள் நுரையீரலின் சிறு குழாய்களை அடைக்கின்றன. ஊசியைப் பகிர்வதால் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி. டிரமடால் அளவு மீறினால் வலிப்பும் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில மாதம் விட்டிருந்தவர் ஒருநாள் மனம் தளர்ந்து பழைய அளவையே எடுத்துக்கொள்வார். மூளை அதற்குள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். முன்பு தாங்கிய அளவை இப்போது தாங்காது. மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்களில் இப்படி இறப்பவர்கள் அதிகம். வீட்டில் அந்த வாரங்களில்தான் கூடவே இருக்க வேண்டும்.

கஞ்சா மூலிகைதானே? அதனால் யாரும் சாவதில்லையாமே?

கஞ்சாவின் முக்கியப் பொருள் டிஎச்சி. அதன் ஏற்பிகள் மூச்சை நடத்தும் பகுதியில் மிகக் குறைவு. ஆகவே அபின் வகையைப் போல மூச்சை நிறுத்துவதில்லை என்பது உண்மைதான். ஆனால் நினைவு, காலம் பற்றிய உணர்வு, ஊக்கம் ஆகியவற்றை நடத்தும் பகுதிகளில் அவை நிறைய இருக்கின்றன. முன்மூளை முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயதாகிறது. பதின்வயதில் தொடங்கித் தினமும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் ஆபத்து கூடுகிறது. குடும்பத்தில் ஏற்கெனவே அந்த நோய் இருந்தால் இன்னும் அதிகம். ‘எல்லோரும் என்னைப் பற்றியே பேசுகிறார்கள்’, ‘செல்போனில் என்னைக் கண்காணிக்கிறார்கள்’ என்று மகன் சொல்லத் தொடங்கினால் திமிர் என்று அடிக்காதீர்கள். மனநல மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

மெத் (மெத்தாம்ஃபெட்டமின்), கோகெயின் போன்றவை?

இவை எதிர்த்திசை, மூளையைத் தூண்டுபவை. டோபமைன் என்பது ஊக்கத்தோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருள். அதன் வேலை முடிந்ததும் நரம்பணு அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கோகெயின் அந்த வழியை அடைக்கிறது. மெத் இன்னும் ஒரு படி மேலே போய், உள்ளே புகுந்து சேமிப்பில் இருக்கும் டோபமைனையே வெளியே கொட்டச் செய்கிறது. தூக்கம் இல்லை, பசி இல்லை, இதயம் பறக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. இளவயதிலேயே மாரடைப்பும் பக்கவாதமும் வரலாம். தீர்ந்ததும் நாள் முழுக்கத் தூக்கம், கடும் பசி, வாழ்க்கையே வெறுத்த மனநிலை. தற்கொலை எண்ணம் வருவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

ஊமத்தை இயற்கையானது, அதில் என்ன கெடுதல்?

வேலியோரம் வெள்ளைப் பூவும் முள் காயுமாக நிற்கும் அந்தச் செடியைப் போல ஏமாற்றுவது வேறில்லை. அதிலுள்ள அட்ரோபின், ஸ்கோபொலமின் இரண்டும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வழியை மறிக்கின்றன; லோவியின் தவளை இதயத்தில் வேலை செய்தது அதுதான். நாக்கு வறளும், கண்மணி அகலமாக விரியும், உடல் சுடும், சிறுநீர் அடைபடும், எதிரில் இல்லாதவர்களோடு பேச்சு நடக்கும். எந்தக் காயில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

அதே அட்ரோபின்தான் எங்கள் மருத்துவமனைகளில் தினமும் உயிர் காக்கிறது. பூச்சிமருந்து குடித்து வருபவர்களிடம் இதற்கு நேர்மாறான நிலையைப் பார்க்கலாம். ஆர்கனோபாஸ்பேட் வகை பூச்சிமருந்துகள் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடுவதால் அது தேங்கிப் பெருகுகிறது. வாயில் நுரை, மார்பில் சளி, கண்மணி புள்ளியாக. நுரையீரல் தெளியும்வரை அட்ரோபின் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருப்போம். வேலியோரம் கொல்லும் பொருள், அளந்து கொடுத்தால் வார்டில் காப்பாற்றுகிறது.

கள்ளச்சாராயத்தில் கண் போவது ஏன்?

அதில் கலந்திருப்பது மெத்தனால். குடித்தவுடன் சாதாரணப் போதையாகத்தான் தெரியும். கல்லீரல் அதை உடைக்கும்போது ஃபார்மிக் அமிலம் உருவாகிறது. அது உயிரணுக்களின் ஆற்றல் உற்பத்தியை நிறுத்துகிறது. அதிக ஆற்றல் தேவைப்படும் பார்வை நரம்பு முதலில் சாகிறது. பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுவலி, மூச்சுத்திணறல், பனிமூட்டம்போல் மங்கும் பார்வை தொடங்கும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சேர்ந்து குடித்தவர்களில் ஒருவருக்கு அறிகுறி வந்தாலும் மற்ற அனைவரையும், நன்றாக இருக்கிறேன் என்பவரையும் சேர்த்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அமிலம் உருவாகும் முன்பே மாற்று மருந்து கொடுத்து, தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்தால் கண்ணையும் உயிரையும் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது.

புகையிலை, காபி?

நிகோட்டின் புகையாக உள்ளே போனால் சில நொடிகளில் மூளையை எட்டும். பழக்கம் அத்தனை வேகமாகப் பற்றுவதற்கு அந்த வேகம்தான் காரணம். வாயில் அடக்கும் புகையிலையும் அதே பொருளைத்தான் தருகிறது, மெதுவாக. காபி களைப்பை உணர்த்தும் அடினோசின் என்ற பொருளின் ஏற்பியை மறைக்கிறது. நிறுத்தினால் சில நாள் தலைவலி, அவ்வளவுதான். மற்றவற்றோடு அதை ஒரே வரிசையில் வைக்க வேண்டியதில்லை.

மனநோய்க்குக் கொடுக்கும் மாத்திரைகளும் போதைதானே? நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் போட்டவுடன் இன்பம் தருவதில்லை. பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அளவைக் கூட்டிக்கொண்டே போகும் வெறியும் இவற்றால் வருவதில்லை. திடீரென்று விட்டால் சில நாள் தலைசுற்றல் வரலாம் என்பதால் டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். வலிப்பு மாத்திரையை ‘சூடு’ என்று நிறுத்தி, அடுத்த வாரமே தொடர் வலிப்போடு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

கெட்டுப்போன மூளை திரும்புமா?

பெரும்பகுதி திரும்பும், நேரம் எடுக்கும். மெத் பயன்படுத்தியவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, ஓராண்டு அளவுக்கு விலகி இருந்தவர்களிடம் டோபமைனை உறிஞ்சும் அமைப்பு நன்றாகவே மீண்டிருந்தது; ஆனால் நினைவும் கைவேகமும் அதே அளவுக்குத் திரும்பவில்லை. வியட்நாம் போருக்குப் போன அமெரிக்க வீரர்களில் பலர் அங்கே ஹெராயினுக்கு அடிமையானார்கள். நாடு திரும்பிய பிறகு அவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்த லீ ராபின்ஸ், பெரும்பாலோர் மீண்டும் அடிமையாகவில்லை என்று கண்டார். சூழலும் துணையும் மாறினால் மூளையும் மாற இடம் கொடுக்கிறது. ‘இவன் திருந்தமாட்டான்’ என்று கைவிடுபவர்களிடம் இதைத்தான் சொல்வேன். ஒருமுறை திரும்பிக் குடித்துவிட்டால் சிகிச்சை வீண் என்று அர்த்தமில்லை. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் மருந்தைக் கூட்டுகிறோம், வீட்டை விட்டுத் துரத்துவதில்லை.

எங்கே போவது? போலீஸ் கேஸ் ஆகிவிடுமா?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் சிகிச்சை உண்டு. போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416, தமிழிலேயே பேசலாம். சிகிச்சைக்கு வந்தவரின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும்படி 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, சொந்தப் பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெற வழியிருக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. வரும்போது அவர் எடுக்கும் பொருளின் அட்டை, பாட்டில், மீதி மாத்திரை எது இருந்தாலும் கையோடு கொண்டுவாருங்கள். கடைசியாக எப்போது எடுத்தார் என்பதையும் குறித்து வாருங்கள். எந்த மருந்தில் தொடங்குவது என்று டாக்டர் முடிவுசெய்ய அந்த இரண்டு தகவல்களும் வேண்டும்.